பாடக்குறிப்பைக் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து எழுதுவது எப்படி? மலைப்பள்ளி ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

பாடத்திட்டம் என்ற சொல் நம்மிடையே இரண்டு வேலை பார்க்கிறது. ஆண்டு முழுமைக்கும் அரசு வகுத்துத் தருவதும் பாடத்திட்டம்தான். நாளை மூன்றாம் பாடவேளையில் ஏழாம் வகுப்பில் என்ன செய்யப் போகிறோம் என்று நாம் எழுதி வைத்துக்கொள்வதும் பாடத்திட்டம்தான். குழப்பத்தைத் தவிர்க்க, இரண்டாவதைப் பாடக்குறிப்பு என்றே இங்கு குறிப்பிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்காக அவசர அவசரமாக நிரப்பப்படும் பாடக்குறிப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை எழுத யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. சென்ற ஆண்டின் குறிப்பேடு போதும்.

நான் உதகைப் பகுதியில் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலைமானியைக் கொதிநீரில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த மாணவி, "டீச்சர், 93-லேயே நின்னுடுச்சு" என்றாள். பாடநூலில் 100 டிகிரி என்று இருந்தது. நான் சிறிதும் யோசிக்காமல், "மானி பழசும்மா, 100-னு எழுதிக்கோ" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அன்று வெப்பநிலைமானி சரியாகத்தான் இருந்தது. பாடநூலும் சரியாகத்தான் இருந்தது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்பதை என் பாடக்குறிப்பு அறிந்திருக்கவில்லை என்பதே குறை. கீழே சொல்லும் முறை முழுவதும் அந்த ஒரு பாடவேளையிலிருந்து கிளைத்தது.

படி 1: கற்றல் விளைவை ஒரே வாக்கியமாகச் சுருக்குதல்

பாடநூலின் அலகை எடுத்து, அதில் உள்ள கற்றல் விளைவுகளைப் படித்து, அவற்றுள் இந்த ஒரு பாடவேளைக்குரியது எது என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். அந்த வாக்கியம் மாணவர் செய்யக்கூடிய ஒரு செயலில் முடிய வேண்டும். 'கொதிநிலையைப் பற்றி அறிவர்' என்று எழுதினால், அறிந்தார்களா இல்லையா என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. 'இடத்தின் உயரம் கூடும்போது நீரின் கொதிநிலை ஏன் குறைகிறது என்பதைக் காற்றழுத்தத்தைக் கொண்டு விளக்குவர்' என்று எழுதினால், விளக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர் என்னும் மூன்று வினைகளையும் நான் என் குறிப்பேட்டிலிருந்து நீக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு பாடவேளை என்பது 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், வருகைப் பதிவு, நனைந்த குடைகளை ஓரமாக வைப்பது, பக்கத்து வகுப்பிலிருந்து கரும்பலகைத் துடைப்பானை வாங்கி வருவது எல்லாம் போக, கையில் நிற்பது 33 அல்லது 34 நிமிடமே. அதற்குள் ஒரு கற்றல் விளைவு நிறைவேறினால் அதுவே பெரிது.

படி 2: கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் எழுதுதல்

நாம் பழகிய படிவத்தில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், எழுதுதல், தொடர்பணி என்ற வரிசை இருக்கிறது. வகுப்பில் நடத்துவதற்கு அது நல்ல வரிசைதான். ஆனால் எழுதும்போதும் அதே வரிசையில் போனால், அறிமுகத்துக்குப் பாட்டும் கதையும் தேடி இரவு பத்து மணியாகி, மதிப்பீடு என்ற இடத்தில் 'வினாக்கள் கேட்டல்' என்று இரண்டு சொற்களோடு குறிப்பேடு மூடப்படும். ஆகவே எழுதும்போது வரிசையைத் தலைகீழாக்குங்கள். மதிப்பீட்டு வினாவை முதலில், சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

அந்த வினா, புரிந்தவரையும் மனப்பாடம் செய்தவரையும் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும். கொதிநிலைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஊட்டியில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?' என்று கேட்டால் வகுப்பே 93 என்று கூவும். அதிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. என் அனுபவத்தில், இந்தப் பாடம் முடிந்த பிறகும் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள், 'ஊட்டி குளிரான ஊர், அதனால் நூறு டிகிரிவரை சூடு ஏறுவதில்லை' என்றே மனத்துக்குள் நம்பிக்கொண்டிருப்பார்கள். விடை சரி, காரணம் தவறு. அதை வெளியே இழுக்க நான் இப்போது வைத்திருக்கும் வினா இது: 'டிசம்பர் மாத உறைபனிக் காலையிலும் ஏப்ரல் மாத நண்பகலிலும் இதே வகுப்பறையில் நீரைக் கொதிக்க வைத்தால், வெப்பநிலைமானி வேறு வேறு அளவைக் காட்டுமா?' குளிர்தான் காரணம் என்று நம்புபவர் 'ஆம்' என்பார். காற்றழுத்தம்தான் காரணம் என்று புரிந்தவர், ஏறத்தாழ ஒரே அளவுதான் இருக்கும் என்பார். இந்த ஒரு வினாவுக்குத் துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த நாள் குறைதீர் கற்பித்தல் யாருக்குத் தேவை என்பது தேநீர் இடைவேளைக்குள் தெரிந்துவிடும்.

இத்தகைய வினா கிடைக்கும்வரை பாடக்குறிப்பின் மற்ற பகுதிகளைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. பல நாள் அது கிடைப்பதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிடும்; மீதிப் பகுதிகள் பிறகு கால் மணி நேரத்தில் அமைந்துவிடும்.

படி 3: வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதை எழுதுதல்

அச்சிட்ட படிவங்களில் இதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒரே பெஞ்சில் வீட்டில் படுகர் இன மக்களின் படகு மொழி பேசும் மாணவரும், தமிழ் பேசும் மாணவரும், கூடலூர், பந்தலூர் பக்கமானால் மலையாளமோ பணியர் மொழியோ பேசும் மாணவரும் உட்கார்ந்திருப்பார்கள். 1964 ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. பாடநூல் தமிழ் இவர்களுள் சிலருக்கு இரண்டாம் மொழி, சிலருக்கு மூன்றாம் மொழி. எனவே ஒவ்வொரு பாடக்குறிப்பிலும், மாணவருக்கு அந்நியமாக இருக்கக்கூடிய மூன்று அல்லது நான்கு சொற்களை முன்கூட்டியே குறித்து, அவற்றுக்கு வீட்டில் என்ன சொல் வழங்குகிறது என்று வகுப்பைக் கேட்டு, கரும்பலகையின் இடப்புறம் எழுதிவைக்கலாம்.

இது தமிழ்ப் பாடவேளைக்குத் தனிச் செல்வம். படகு மொழியில் பாலுக்கு ஹாலு, ஊருக்கு ஹட்டி. தமிழில் பால், பட்டி. சொல்லின் தொடக்கத்தில் தமிழில் பகரம் நிற்கும் இடத்தில் அங்கே ஹகரம் நிற்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்த பத்து நிமிடத்துக்கு அவர்கள் வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்து கொட்டுவதை நிறுத்துவதுதான் ஆசிரியருக்குக் கடினம். மொழிக்குடும்பம் என்ற பாடத்துக்கு இதைவிடச் சிறந்த துணைக்கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

தொடக்கப் பள்ளியில் இருப்பவருக்கு இந்தப் படி வேறு விதமாக அமையும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருப்பது மலைக்கிராமங்களில் இயல்பு. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மாணவரை வகுப்பால் அல்லாமல் நிலையால் பிரித்திருப்பது இங்கே உண்மையாகவே கைகொடுக்கிறது. மூன்று நிலைக்கும் மூன்று தனித்தனிப் பாடக்குறிப்பு எழுத முற்படாதீர்கள். பொருள் ஒன்று, பணி மூன்று என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடை கேரட்டை நடுவில் வைத்தால், அரும்பு நிலை எண்ணும். மொட்டு நிலை பத்துப் பத்தாகக் கட்டும். மலர் நிலை எடைபோட்டு விலை கணக்கிடும். ஆசிரியர் எந்த நேரத்தில் எந்தக் குழுவோடு உட்காருவார் என்பது மட்டும் நிமிடக் கணக்கோடு எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாவிட்டால் அரும்புக் குழுவிலேயே 40 நிமிடமும் போய்விடும்.

படி 4: துணைக்கருவியை நடந்துபோகும் தொலைவுக்குள் தேடுதல்

கற்றல் கற்பித்தல் துணைக்கருவி என்றவுடன் வண்ண அட்டையும் பளபளப்புத் தாளும் நினைவுக்கு வருவது ஒரு நோய். இந்த மலையில் அவை நிலைப்பதும் இல்லை. ஜூன் மாதம் சுவரில் ஒட்டிய சார்ட் ஜூலையில் சுருண்டு, ஆகஸ்டில் பூஞ்சை பிடித்துவிடும். நீண்ட நாள் வேண்டிய படங்களைக் காடாத் துணியில் துணி வண்ணத்தால் வரைந்து, மேலும் கீழும் மூங்கில் குச்சி செருகிச் சுருட்டி வைத்துக்கொள்வது மேல். என்னிடம் இருக்கும் நீலகிரி மாவட்டத் துணி வரைபடத்துக்குப் பதினோரு வயது.

காணொலிகளை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு சொல். பாடநூலில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டை (QR code) வகுப்பில் அலைபேசியால் படம் பிடித்துக் காத்திருக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்; மழைநாளில் மின்சாரமும் இருக்காது, சிக்னலும் இருக்காது. வேண்டியதை முந்தைய நாளே தரவிறக்கம் செய்து, வகுப்புக்கு முன் ஒருமுறை முழுவதும் பார்த்து, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை காட்டப்போகிறோம் என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் நான் காட்டுவதில்லை.

இனி, பாடம் பாடமாகக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவற்றைப் பார்க்கலாம்.

கணக்குக்கு மலை இரயிலை மிஞ்சிய துணைக்கருவி இல்லை. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899 இலும், உதகை வரை 1908 இலும் இரயில் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டம் (இன்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறும் பல்வரிசைத் தண்டவாளம்) பொருத்திய பகுதியில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயர்வு. அதற்கு மேல், பற்சட்டம் இல்லாத பகுதியில், 25-க்கு 1. பத்தாம் வகுப்பில் நேர்க்கோட்டின் சாய்வு நடத்தும்போது இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, சாய்வுக் கோணங்களைக் கேட்கலாம். முதலாவது 5 டிகிரிக்கும் சற்றுக் குறைவு, இரண்டாவது 2 டிகிரிக்கும் சற்று அதிகம். 'இவ்வளவுதானா?' என்று வகுப்பு ஏமாறும். அந்த ஏமாற்றம்தான் நமக்கு வேண்டியது. அப்படியே அவர்களை வெளியே அழைத்துச் சென்று பள்ளியின் நடைபாதையை அளக்கச் சொல்லுங்கள்.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், ஒன்று போதும். ஏதாவது ஒரு மாணவரின் வீட்டில் கட்டாயம் இருக்கும். பாதையின் மேல்முனையில் குழாயின் ஒரு வாயையும், கீழ்முனையில் நட்ட நெடுங்கோலின் மீது மறு வாயையும் பிடித்தால், இரு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கோலில் அந்த மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரமும், மேல்முனையில் தரையிலிருந்து நீர்மட்டத்தின் உயரமும் தெரிந்தால், இரண்டின் வேறுபாடே ஏற்றம். கிடைத்தொலைவு 12 மீட்டரும் ஏற்றம் ஒன்றரை மீட்டரும் என்றால் சாய்வு 8-க்கு 1. தினமும் பைக்கட்டோடு தாங்கள் ஓடி ஏறும் பாதை, பற்சட்டம் போட்டு ஏறும் இரயில் பாதையைவிடச் செங்குத்து என்று காணும் இடத்தில் பாடம் தானே நடக்கும். ஒரு தவறு மட்டும் தவறாமல் நிகழும்: நாடாவைத் தரையோடு ஒட்டிப் பிடித்துச் சாய்ந்த நீளத்தை அளந்துவிட்டு, அதையே கிடைத்தொலைவாக எழுதுவார்கள். திருத்திவிடாமல் இரண்டையும் அளக்கச் சொல்லி, வேறுபாடு பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பதைப் பார்க்க விடுங்கள். சிறு கோணங்களில் சைனும் டேன்ஜெண்டும் ஏன் நெருங்கி நிற்கின்றன என்பதை எந்தச் சூத்திரமும் இவ்வளவு எளிதாகச் சொல்லித்தராது.

விகிதத்துக்குத் தேயிலை இருக்கிறது. நான்கு முதல் நாலரை கிலோ பச்சை இலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். 'மீதி எங்கே போயிற்று?' என்ற வினா கணக்கை அறிவியலுக்கு அழைத்துச் செல்லும். இலை எடை போட்ட சீட்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். அதில் பிடித்தமும் முன்பணக் கடனும் எழுதியிருக்கும், ஒரு வீட்டின் கடன் வகுப்பறைக்கு வரக்கூடாது. கற்பனைச் சீட்டு ஒன்றை ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம்.

சமச்சீர் வடிவங்களுக்குத் தோடர் பூவேலைப்பாடு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், மாதிரி எதையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கப்படுவது அது. 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டத்தாளில் அதன் ஒரு பாதியைக் கொடுத்து மறுபாதியை நிரப்பச் சொன்னால், எதிரொளிப்புச் சமச்சீர் விரல்நுனியில் பதியும். வகுப்பில் தோடர் குழந்தை இருந்தால், 'உங்க வீட்டுத் துணியைக் காட்டும்மா' என்று அவளை எழுப்பி நிற்கவைக்காதீர்கள். அவளாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்வது வேறு, அவளையே துணைக்கருவி ஆக்குவது வேறு.

சமூக அறிவியலில் பருவமழைப் பாடம் இங்கே தானாகவே உயிர் பெறும். மாவட்டத்தின் மேற்கே கூடலூர், நடுவட்டம் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையே பெருமழை. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழை முதன்மையானது. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு மலைமுகடு இரண்டு பருவங்களைப் பிரித்து நிற்கிறது. ஜூலையில் ஒரு பள்ளி விடுமுறையில் இருக்க, மறுபள்ளி வெயிலில் இறைவணக்கக் கூட்டம் நடத்துவது மாணவர் அறிந்ததே, காரணம்தான் அறியாதது. இதற்கு மழைமானி செய்யலாம். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குப்பியும் ஓர் அளவுகோலும் போதும். மழைமானி என்றால் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டச் சொல்லும் செய்முறைகளே எங்கும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ள மாவட்டத்தில் அதைப் பள்ளியே தேடிப்பிடித்து வெட்டுவது அழகல்ல. கூரை விளிம்பிலிருந்தும் மரங்களிலிருந்தும் தள்ளிவைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மி.மீ. அளவில் பதிவுசெய்ய வேண்டும். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் என்று சொல்லி, பள்ளிக் கூரையின் பரப்பைக் கொடுத்துவிட்டால் மழைநீர் சேகரிப்பும் அதே கணக்கில் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கும் மேல் பெய்ததைச் சொல்லி, அந்த உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்துக் காட்டுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது இடுப்புக்கு மேல் வரும். 2009 நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும், எந்த மாணவரிடமும் 'உங்கள் வீட்டில் என்ன நடந்தது' என்று கேட்காமல் இருப்பது நல்லது. இன்றும் சில வீடுகளில் அது முடிந்த கதை அல்ல.

புவியியலில் அட்சரேகை நடத்துபவர்கள் உதகைக்கு அருகே முத்தொரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியை மறந்துவிடக்கூடாது. 1970 முதல் இயங்கும் இந்தக் கருவி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வடக்குத் தெற்காகச் சரியும் மலைச்சரிவில் அமைக்கப்பட்டது. அச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி. அவ்விடத்தின் அட்சரேகையும் 11 டிகிரியை ஒட்டியதே. இரண்டும் ஒத்திருப்பதால் கருவியின் நீள அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் அதைத் திருப்பிக்கொண்டே போனால் வானில் நகரும் ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். வகுப்பில் இதைக் காட்டப் புவி உருண்டை ஒன்றும் தீக்குச்சி ஒன்றும் போதும். நம் ஊர் இருக்கும் இடத்தில் தீக்குச்சியைச் சிறிது மெழுகால் ஒட்டி, உருண்டையின் அச்சுக்கு இணையாக வரும்வரை சாய்க்கச் சொல்லி, அது உருண்டையின் பரப்போடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கோணமானியால் பார்க்கச் சொல்லலாம். பழனி மலையில் இருப்பவர்களுக்கு 1899 இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இதே அளவு பயன்படும். சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான்.

ஆங்கிலத்துக்கு விதைப் பொட்டலத்தின் பின்புறமும் பேருந்து நிலையப் பலகைகளும் போதுமானவை.

சோலைக்காட்டைத் தாவரவியல் பாடத்துக்காகப் பார்க்க அழைத்துச் செல்வதானால், வனத்துறையின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் முதலில். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் காட்டெருமை நடமாட்டம் இருக்கும் வழிகளைத் தவிர்க்க வேண்டும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ள வேண்டும். சோலை மரங்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) அருகருகே பார்த்து, அவற்றின் அடியில் வளரும் செடிகளை எண்ணி வருவது ஒன்றே ஒரு பாடவேளைக்கு நிறைவான பணி. பட்டியலில் பத்துப் பணிகளைக் கொடுத்தால் எதுவும் நடக்காது, யாராவது வழுக்கி விழுவது தவிர.

படி 5: நேரம் பிரித்தல், ஒரு முழு எடுத்துக்காட்டு

கொதிநிலைப் பாடத்தை இப்போது நான் நடத்தும் விதத்தை நிமிடத்தோடு தருகிறேன்.

முதல் நான்கு நிமிடம், மேட்டுப்பாளையத்தில் வாங்கி மேலே கொண்டுவந்த சிப்ஸ் பொட்டலம் ஒன்றை மேசையில் வைக்கிறேன். பந்துபோல உப்பியிருக்கும். யாரும் காற்று அடைக்கவில்லை, ஏன் உப்பியது என்று மட்டும் கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன். பேருந்தில் வரும்போது காது அடைப்பதை யாராவது ஒருவர் தானாகவே சொல்லிவிடுவார்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் சோதனைக்கு. முதலில் பனிக்கட்டி போட்ட நீரில் வெப்பநிலைமானியை வைக்கிறோம். 0 டிகிரி காட்டுகிறது. அன்று நான் செய்யத் தவறியது இதைத்தான். கருவியின் மீது சந்தேகம் வந்தால் திட்டக்கூடாது, சோதிக்க வேண்டும். பனிக்கட்டியின் உருகுநிலை உயரத்தால் ஏறக்குறைய மாறுவதில்லை என்பதால், கருவி நல்லது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. பிறகு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, மானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தொங்கவிட்டு, கண்ணை அதே மட்டத்தில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரு மாணவர்கள் அளவைச் சொல்ல, மற்றவர்கள் எழுதுகிறார்கள். 92, 93 என்ற இடத்தில் நின்றுவிடும். பாதரச மானியைத் தவிர்த்து ஆல்கஹால் மானியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது 110 டிகிரிவரை அளப்பதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அளவு பார்ப்பவர் தவிர வேறெவரும் தாண்டக்கூடாது என்று விதிக்க வேண்டும். நீராவிப் புண் கொதிநீர்ப் புண்ணைவிடக் கொடியது.

அடுத்த எட்டு நிமிடம்தான் பாடத்தின் நெஞ்சு. கரும்பலகையில் மூன்று வாக்கியங்கள்: மானி பழுது, பாடநூல் பிழை, இரண்டும் சரி. மாணவர்கள் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்து, குழுவாகக் காரணம் பேச வேண்டும். மானி பழுது என்பது பனிக்கட்டியால் முன்பே விழுந்துவிட்டது. பாடநூலில் கொதிநிலை சொல்லப்பட்ட இடத்தை மீண்டும் படிக்கச் சொன்னால், கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற நிபந்தனை எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று அவர்களே தேடுவார்கள். நம் தலைக்கு மேல் உள்ள காற்று கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழுத்தமே தருகிறது என்பதை நான் சொல்வது இந்த இடத்தில்தான், அதற்கு முன் இல்லை. உப்பிய பொட்டலத்துக்கும் விடை அதே நொடியில் கிடைத்துவிடும்.

மீதமுள்ள நேரத்தில் ஒரு வரைபடம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும் என்ற கணக்கில், 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்துக்கும், 1,850 மீட்டரை ஒட்டிய குன்னூருக்கும், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கும் எவ்வளவு வரும் என்று புள்ளிகள் வைக்கச் சொல்கிறேன்: 99, 94, 91 என்று வரும். பிறகு படி 2-இல் எழுதிய டிசம்பர், ஏப்ரல் வினா. துண்டுத்தாள்களை வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

தொடர்பணியாக, வீட்டில் பருப்பைக் குக்கரில் வேகவைக்கும் நேரத்தையும் திறந்த பாத்திரத்தில் வேகும் நேரத்தையும் கேட்டு வரச் சொல்லலாம். சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காவிடம் கேட்டாலே போதும். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருந்தால் ஒரு முழு விரிவுரை கிடைக்கும்.

படி 6: மழைநாள் குறிப்பு ஒன்றைத் தனியே வைத்திருத்தல்

பாதி வகுப்பு வராத நாள், மின்சாரம் இல்லாத நாள், தகரக் கூரையின் இரைச்சலில் ஆசிரியரின் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டாத நாள் ஆகியவற்றுக்கு, பேச்சே தேவைப்படாத மூன்று பாடக்குறிப்புகளைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதி உறையில் போட்டு வைத்துவிட வேண்டும். கட்டத்தாள் வேலை, வாய்விட்டுப் படிக்காத வாசிப்பு, வரைபடம் நிரப்புதல் ஆகியவை ஏற்றவை. புதிய பாடத்தை அன்று தொடங்கக்கூடாது. வராத பாதிக்கு மீண்டும் நடத்த வேண்டியிருக்கும்.

படி 7: வகுப்பு முடிந்த அன்றே ஓரக்குறிப்பு எழுதுதல்

பாடக்குறிப்பின் வலப்பக்க ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டே எழுதத் தொடங்குங்கள். எந்த நிமிடத்தில் திட்டம் தடம் மாறியது, எந்த வினாவுக்கு எதிர்பாராத விடை வந்தது, எந்தப் பொருள் கைக்கு உதவவில்லை என்று அன்று மாலைக்குள் மூன்று வரி எழுதினால் போதும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியது அழகாகப் படியெடுத்த குறிப்பு அன்று, இந்த ஓரக்குறிப்புகளோடு கூடிய அழுக்குத் தாள்தான்; அடுத்த பள்ளி ஆசிரியர் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்.

கொதிநிலைப் பாடத்தின் ஓரத்தில் சென்ற ஆண்டு நான் எழுதியிருப்பது இவ்வளவே: 'பனிக்கட்டியை டீக்கடையில் முதல் நாளே சொல்லிவைக்கவும். பொட்டலத்தைப் பின்வரிசை பாடம் முடியுமுன் தின்றுவிட்டது, இரண்டாக வாங்கவும். துண்டுத்தாள் 31-இல் 12 பேர் இன்னும் குளிர்தான் காரணம் என்கிறார்கள். மேட்டுப்பாளையத்து ஆசிரியரிடம் பேசி, அடுத்த முறை இரு வகுப்பும் ஒரே நேரத்தில் கொதிக்கவைத்து, அலைபேசியில் அளவைச் சொல்லிக்கொள்ளவும், வெயில் கொளுத்தும் ஏப்ரலில்.'